மிச்ச ரோடு

வாகைப்பட்டியிலிருந்து ஆவரங்கோட்டைக்குப் போகிற தார் ரோடு, ஒரு புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் நீண்டுவிட்டது. வழக்கமாகக் காலனி நிறுத்தத்தை விட்டால் ஒரு மதகு வரும், மதகைத் தாண்டினால் செங்கல் சூளை வரும், சூளையைத் தாண்டினால் டவுன் பெரியாஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி தலைகாட்டும். அன்றைக்கு மதகுக்கும் சூளைக்கும் நடுவில் ஒரு பொட்டல் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது, அதன் வழியே ரோடு போய்க்கொண்டே இருந்தது, ரோட்டின்மேல் பஸ்ஸும் போய்க்கொண்டே இருந்தது. கண்டக்டர் ஆரோக்கியம் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அண்ணே, ரோடு இன்னைக்குக் கொஞ்சம் கூட இருக்கு போல" என்றார். "இருந்தா ஓட்ட வேண்டியதுதான, டீசல் என்ன உங்கப்பன் வீட்டுதா?" என்றார் டிரைவர் கோவிந்தராசு. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றவர்களில் சந்தனமாரியும் ஒருத்தி. அவள் புருஷன் சோலைமுத்து ஒரு காலத்தில் சாரத்தின் மேல் ஏறி நின்று மாடி வீட்டுச் சுவருக்குப் பூசிய கொத்தனார். இப்போது இரண்டு கிட்னியும் கைவிட்டு, வாரத்துக்கு இரண்டு தடவை பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ் மிஷினில் படுத்து எழுந்தால்தான் உயிர் என்று ஆகிப்போன மனுஷன். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அந்தக் கட்டிலில் அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள். நர்ஸம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது, வெளியே காத்துக் கிடக்கிறவனும் யாரோ ஒருத்தியின் புருஷன்தானே. ஆகவே சந்தனமாரிக்கு உலகத்தில் இருந்த கவலை ஒன்றே ஒன்று, அந்த பஸ்ஸில் அவரை ஏற்றிவிட வேண்டும், பஸ் நேரத்துக்குப் போய்விட வேண்டும்.

பஸ் ஸ்டாப் என்றால் அதில் பஸ் நிற்கும் என்று நினைக்கிறவர்கள் காலனிப் பக்கம் வந்து பார்த்ததில்லை. வாகைப்பட்டி ஊருக்குள் மளிகைக் கடைக்கு ஒரு தரம், பால் சொசைட்டிக்கு ஒரு தரம், ஊராட்சித் தலைவர் வீட்டுச் சம்பந்தி கையைக் காட்டினால் அதற்கு ஒரு தரம் என்று மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நின்று நின்று வருகிற பஸ், காலனி நிறுத்தத்தின் மஞ்சள் கல்லைக் கண்டதும் வேகத்தைக் குறைக்கும், நிற்கப்போகிறது என்று எல்லோரும் கூடையைத் தூக்கியதும் அப்படியே நழுவி, மதகு வரைக்கும் போய் அங்கே நின்று உறுமும். உடனே ஜவுளிக்கடையில் கூட்டிப் பெருக்குகிற எஸ்தர், பூக்காரிகள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் புழுதி பறக்க ஓடுவார்கள். ஓடி வந்து தொட்டவர்களுக்கு பஸ், தொடாதவர்களுக்குப் புகை. சோலைமுத்துவால் ஓட முடியாது; அதனால் சந்தனமாரி முன்னால் ஓடிப்போய் ஒரு காலைப் படியில் வைத்து ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொள்வாள், மனுஷி கால் படியில் இருக்கும்போது பஸ்ஸை எடுக்க முடியாது இல்லையா, அவர் ஒவ்வொரு எட்டாக வைத்து வந்து சேருகிற வரைக்கும் ஏச்சு முழுவதையும் அவளே வாங்கிக்கொள்வாள். "ஓசி டிக்கெட்டுக்கு இம்புட்டு ஆட்டமா" என்பது அதில் மரியாதையான ஏச்சு.

ரோடு நீண்டதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், விருந்தாளி கூட ரெண்டு நாள் தங்கிவிட்டால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான். முதல் வாரம் முணுமுணுத்தார்கள், இரண்டாவது வாரம் அதற்கு 'மிச்ச ரோடு' என்று பெயர் வைத்தார்கள், பெயர் வைத்த பிறகு அது எப்போதும் இருந்ததுதான் என்று ஆகிவிட்டது. பொட்டலின் நடுவில் ஒரு டீக்கடை முளைத்தது, டீக்கடைக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை முளைத்தது, இரண்டுக்கும் நடுவில் நெடுவழி மாரியம்மன் என்று ஒரு சாமி முளைத்து எலுமிச்சம்பழம் கேட்டது. பிள்ளைகள் பஸ்ஸிலேயே வீட்டுப்பாடம் எழுதி முடித்து, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தார்கள். பூக்காரிகள் உதிரியாக ஏற்றிய மல்லிகையைச் சரமாகக் கட்டி இறக்கினார்கள். பின்சீட்டில் பேச ஆரம்பித்த ஒரு சம்பந்தம் பொட்டல் முடிவதற்குள் வெற்றிலை பாக்கு மாற்றுகிற வரைக்கும் போனது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று ஆவரங்கோட்டைத் தரகர் ஒருவர் பொட்டல் முழுக்கக் கலர்க் கொடி நட்டு மனை விற்றார், அந்த மண்ணுக்குச் சர்வே நம்பரே கிடையாது என்று கிராம நிர்வாக அலுவலர் தலையில் அடித்துக்கொண்டதை யாரும் காதில் வாங்கவில்லை. ரோடோ ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நீண்டுகொண்டே போனது.

சோலைமுத்துவின் முகம் வீங்க ஆரம்பித்தது. ஒரு நாள் கட்டில் தப்பியது, இன்னொரு நாள் பாதி நேரந்தான் கிடைத்தது. "நாளைக்கு வாங்கம்மா" என்று நர்ஸ் சொல்லும்போது அவள் முகமும் வாடித்தான் போகும். ஆனால் நாளைக்கு என்பது மிச்ச ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

காலனிப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. எஸ்தர்தான் அந்த யோசனையைச் சொன்னாள்: "மதினி, பஸ்ஸு ஸ்டாப்புக்கு வராட்டி ஸ்டாப்பக் கொண்டு போயி பஸ்ஸுகிட்ட வெச்சிருவோம். மதகுலதான நிக்குது? கல்லத் தூக்கி அங்க நட்டுப்புட்டா ஓடுற வேலை மிச்சம்." ஆகா, இது அல்லவா மூளை என்று எல்லோரும் கடப்பாரையோடு போய் மஞ்சள் கல்லைப் பெயர்த்து மதகோரம் நட்டார்கள், சந்தனமாரியும் ஒரு கை கொடுத்தாள். மறுநாள் காலையில் எல்லோரும் மதகோரம் சிரித்துக்கொண்டு நின்றார்கள். பஸ் வந்தது, கல்லைக் கண்டது, வேகத்தைக் குறைத்தது, நழுவியது, மிச்ச ரோட்டுக்குள் அதே தூரம் போய் நின்றது. அன்றைக்கு ஓடும்போது சந்தனமாரியின் இடது கால் செருப்பு வார் அறுந்து கழன்று போனது. திரும்பி எடுக்க நேரமில்லை.

சாயங்காலம் வந்து தேடினாள், செருப்பு இல்லை. அறுந்த செருப்பை யார் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று ஆச்சரியப்பட்டதோடு விட்டுவிட்டாள். பத்துப் பதினைந்து நாள் கழித்து, பஸ் மிச்ச ரோட்டின் நட்டநடுவில், டீக்கடையெல்லாம் தாண்டி, காக்கா கூட இல்லாத இடத்தில் போய்க்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தாரின் ஓரத்தில் அவளுடைய இடது கால் செருப்பு கிடந்தது. பச்சை வார், அவளே ஊக்கு குத்தி வைத்திருந்த அதே வார். அதைத் தாண்டி எஸ்தருடைய டிபன் பாக்ஸ் மூடி, அதைத் தாண்டி போன வருஷம் ஓடும்போது ஒரு சின்னப் பிள்ளை தவறவிட்ட ஜாமென்ட்ரி பாக்ஸ், உடைந்த வளையல், ஒரு முழம் காய்ந்த கனகாம்பரம். புழுதி முழுக்க ஓடின பாதங்களின் தடம். சோலைமுத்துவின் தோளைத் தட்டினாள்.

"ஏய்யா, இந்த ரோட்டப் பாத்தீரா? இது நாங்க ஓடுன தூரம்யா. ஓடுனதெல்லாம் எங்கயும் போகல, இங்கன வந்து சேந்து கெடக்கு" என்றாள்.

சோலைமுத்து வீங்கின கண்ணைத் திறந்து வெளியே பார்த்தார். கொத்தனாருக்கு அளவு தெரியும். "ஆமா புள்ள" என்றார், "ஒங்க ஆத்தா ஓடுனதும் கூட இருக்கும் போல."

ரோட்டைப் பற்றி ஆலோசனைக் கூட்டம் வாகைப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. உதவிப் பொறியாளர் நிவேதன் என்ற இளவட்டம் பறக்கிற கேமராவும் உருட்டி அளக்கிற சக்கரமும் கொண்டு வந்திருந்தார். நல்ல பிள்ளை, வெயிலில் நின்று வேலை பார்க்கிற பிள்ளை; என்ன ஒன்று, வரும்போதே பதிலைக் கையோடு கொண்டு வந்துவிட்டார். வெயிலில் தார் இளகி நீளுகிறது, ஆகவே ஓரம் முழுக்க இரும்புக் கம்பி அடித்து ரோட்டை இழுத்துக் கட்டிவிடலாம் என்றார். கம்பி வேண்டாம், வேகமான பஸ் வாங்கலாம் என்றார் ஒருவர். அம்மனுக்குக் கிடா வெட்டலாம் என்றார் இன்னொருவர். எதுவும் வேண்டாம், பேசாமல் பைபாஸ் போட்டுவிடலாம் என்றார் ஊராட்சித் தலைவர் வேலுச்சாமி, அவருடைய நிலம் பைபாஸ் ஓரம் வருகிறது. ஆளுக்கு ஒரு தீர்வு, அண்டாவில் போட்டுக் கிண்டினால் பொங்கலே ஆகிவிடும். ரோட்டுக்கு என்ன நோக்காடு என்று ஒரு மனுஷர் கேட்கவில்லை.

சந்தனமாரி பின்னால் நின்றபடி கையைத் தூக்கினாள். "சார், பஸ்ஸு ஏன் ஸ்டாப்புல நிக்க மாட்டேங்குது?"

"அம்மா, அது வேற பிரச்சினைம்மா. இது ரோடு நீளத்தைப் பத்தின கூட்டம்" என்றார் நிவேதன் பொறுமையாக.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். நாங்க ஓடுறோமே, அந்தத் தூரந்தான் ரோட்டுல சேருது. என் செருப்பு அங்கன கெடக்கு, வந்து பாருங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஏ புள்ள, ஒஞ் செருப்பத் தேடவா சார் கேமராவெல்லாம் தூக்கிட்டு வந்திருக்காரு? உக்காரு" என்றார் தலைவர். உட்கார நாற்காலி இல்லாததால் அவள் நின்றுகொண்டே இருந்தாள். நிவேதன் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து எதையோ குறித்துக்கொண்டார், சந்தனமாரிக்கு ஒரு நிமிஷம் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவர் குறித்தது, 'காலனி நிறுத்தத்துக்கு நிழற்குடை தேவை.'

மதகோரம் நட்ட மஞ்சள் கல்லுக்குப் பக்கத்திலேயே நிழற்குடை வந்தது. ஸ்டீல் நாற்காலி, நீலக் கூரை, அடுத்த பஸ் எத்தனை நிமிஷத்தில் வரும் என்று சிவப்பு எழுத்தில் ஓடுகிற பலகை. தலையணையை மாற்றினால் தலைவலி போகுமா? நிழற்குடையின் நீளத்தையும் சேர்த்துத் தாண்டிப் போய் நின்றது பஸ், ஓடுகிற தூரம் அந்த அளவுக்குக் கூடியதுதான் மிச்சம்.

அப்புறம் தை மாதத்தில் கோவிந்தராசு மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டார், அவர் இடத்துக்கு ஜபருல்லா என்று ஒரு டிரைவர் வந்தார். முதல் நாளே பஸ்ஸை நிழற்குடைக்கு நேராக, ஏறுகிற படி மஞ்சள் கல்லுக்கு முன்னால் வருகிற மாதிரி நிறுத்தினார். காலனி சனம் ஓடுவதற்குத் தயாராகக் கூடையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றது, ஒருவருக்கும் ஏறத் தெரியவில்லை. "இங்க எதுக்கு டிரைவர் நிப்பாட்டுறீரு?" என்றது முன்சீட்டில் ஒரு குரல். "ஸ்டாப்புனு எழுதியிருக்கே" என்றார் ஜபருல்லா. சோலைமுத்து அன்றைக்குத்தான் வெகுகாலத்துக்குப் பிறகு மனைவியின் கையைப் பிடித்து நடந்து வந்து, ஏச்சு வாங்காமல் பஸ் ஏறினார்.

ஜபருல்லா ஓட்டிய நாட்களில் பொட்டல் சுருங்கிக்கொண்டே வந்தது. டீக்கடையும் பஞ்சர் கடையும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டன, மனை வாங்கியவர்களின் கொடிகள் ஒரே குழியில் வந்து நின்று, நீ நகரு நான் நகரு என்று அடிதடி ஆனது. சோலைமுத்துவின் கட்டில் அவருக்காகக் காத்திருந்தது. முகத்தில் வீக்கம் வடிந்து பழைய தாடை தெரிந்தது. ஒரு நாள் சாயங்காலம் மதகில் உடைந்திருந்த கைப்பிடிச் சுவரைத் தடவிப் பார்த்து, "ஒரு சட்டி கலவை இருந்தா பூசிருவேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு சந்தனமாரி வீட்டுக்குள் போய்த் தனியாக அழுதாள், சந்தோஷ அழுகை.

ஆனால் பாருங்கள் கொடுமையை, அதே வாரம்தான் நிவேதன் ரோட்டோரம் முழுக்க இரும்புக் கம்பி அடித்து முடித்திருந்தார். ரோடு சுருங்கியதும் ஊரே திரண்டு, கம்பிதான் பிடித்து இழுக்கிறது என்று அவருக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, கம்பிக்கும் குங்குமம் வைத்தது. கல்யாணம் முடிந்து கோவிந்தராசு திரும்பி வந்தார், பஸ் பழையபடி நழுவியது, ரோடு பழையபடி நீண்டது. கம்பி போதவில்லை என்று இன்னும் கம்பி அடித்தார்கள்.

சந்தனமாரி டவுன் பஸ் ஸ்டாண்டில், டீ குடித்துக்கொண்டிருந்த கோவிந்தராசுக்கு முன்னால் போய் நின்றாள். "அண்ணே, ஸ்டாப்புல நிறுத்துங்கண்ணே. அவரு செத்துருவாருண்ணே."

கோவிந்தராசு கிளாஸைக் கீழே வைத்தார். கத்தவில்லை. "ஏம்மா, நான் என்ன புதுசாவா தாண்டி நிறுத்துறேன்? எனக்கு முன்னால ஓட்டுனவரும் தாண்டித்தான் நிறுத்துனாரு, அவருக்கு முன்னால ஓட்டுனவரும் அப்படித்தான். நேரா நிறுத்துனா நீங்க மொத்தமா ஏறிருவீங்க. ஏறி, காலியா கெடக்குற சீட்டுல, ஊர்க்காரங்க பக்கத்துல உக்காருவீங்க. அந்தப் பேச்ச யாரு வாங்குறது? ஜபருல்லாவ இந்நேரம் எந்த டெப்போவுக்கு மாத்தியிருக்காங்க, தெரியுமா?"

"சீட்டு வேண்டாண்ணே. நாங்க எல்லாரும் நின்னுக்கிட்டே வர்றோம். ஸ்டாப்புல மட்டும் நிறுத்துங்க."

சொல்லி முடித்ததும் தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. கோவிந்தராசு, "பாப்போம்" என்றார். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சித்திரையில் பைபாஸ் திறந்தார்கள். வாகைப்பட்டி முகப்பிலிருந்து நேராக, காலனியைத் தொடாமல், ஆவரங்கோட்டைக்குள் கொண்டு போய் இறக்கியது. நாதஸ்வரம் வைத்து, ரிப்பன் வெட்டி, பிரச்சினை தீர்ந்தது என்று தலைவர் பேசினார். தீர்ந்ததுதான், ஊருக்கு இருந்தது ரோடு நீளுகிற பிரச்சினை, அது தீர்ந்தது. டீக்கடைக்காரர் அம்மனையும் தூக்கிக்கொண்டு பைபாஸுக்குக் குடிபோனார். மிச்ச ரோடு காலனிக்கு என்று மிச்சமானது. நிழற்குடையின் சிவப்புப் பலகையை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த பஸ் ஐந்து நிமிடம், அடுத்த பஸ் ஐந்து நிமிடம் என்று அது வெயிலிலும் மழையிலும் ஓடிக்கொண்டே இருந்தது.

பைபாஸ் பஸ் ஏற, பின்னோக்கி வாகைப்பட்டிக்கு ஆட்டோவில் போக வேண்டும். சில நாள் போனார்கள், ஏறினார்கள். வைகாசியில் ஒரு நாள் ஊரில் கோயில் பொங்கல், பஸ் வாசல் வரைக்கும் கூட்டம், அவர்கள் வருவதைக் கண்ணாடியில் பார்த்தபடியே புறப்பட்டுவிட்டது. சோலைமுத்துவுக்கு மூச்சு இழுத்தது. எஸ்தரின் தம்பி தன்னுடைய குட்டியானை வண்டியில், காய்கறி மூட்டைக்கு நடுவில் அவரைப் படுக்க வைத்து, பைபாஸ் முகப்பைச் சாமி ஊர்வலம் அடைத்து நின்றதால் வேறு வழியில்லாமல் மிச்ச ரோட்டில் விட்டான். ரோடு போனது, போனது, டீசல் தீர்கிற வரைக்கும் போனது. "இரு மதினி, ஓடிப்போய் டீசல் வாங்கிட்டு வந்துருதேன்" என்று கேனை எடுத்துக்கொண்டு அவன் ஓடினான்.

சந்தனமாரி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். "எந்த இடம்மா?" என்றது ஒரு பெண் குரல். "மிச்ச ரோடு." "அப்படி ஒரு இடம் இங்க காட்டலையேம்மா." "காட்டாது தாயி. பெரியாஸ்பத்திரியில இருந்து நேரா வரச் சொல்லுங்க, ரோடு முடியாமப் போகுதுல்ல, அதுலயே வரச் சொல்லுங்க."

வண்டியிலிருந்து அவரை மெல்ல இறக்கி, ஓரத்து இரும்புக் கம்பியில் சாய்த்து, தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சுற்றிலும் காலனிப் பெண்கள் தவறவிட்டதெல்லாம் கிடந்தது. அவர் ஒரு விரலால் புழுதியில் இருந்த ஒரு தடத்தைத் தொட்டார். சின்னத் தடம், ஓடுகிற அவசரத்தில் முன்பாதம் மட்டும் பதிந்த தடம். "இது நீ படியில கால் வெக்க ஓடுனது" என்றார். "எனக்காக எம்புட்டு ஓடியிருக்க புள்ள." அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அவள் கூப்பிட்டாள், உலுக்கினாள், செல்லமாக வைதாள், பிறகு முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

வெயில் சாயும்போது ஆவரங்கோட்டைப் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் சைரனோடு வந்தது. அவர்களைப் பார்த்தது, வேகத்தைக் குறைத்தது, நழுவியது, தாண்டிப் போய் நின்றது. டிரைவர் வெளியே கையை நீட்டி, "வாங்க, வாங்க, சீக்கிரம் வாங்க" என்று கூப்பிட்டார்.

சந்தனமாரியின் கால்கள் பழக்கத்தில் ஒரு துடி துடித்தன. மடியில் அவர் தலை இருந்தது. அவள் ஓடவில்லை. "யோவ்" என்று பொட்டல் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள், "நாங்க இங்க இருக்கோம்!"

ஹாரன் அடித்துப் பார்த்தார் டிரைவர், அவள் அசையவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல், ரிவர்ஸ் எடுக்கும்போது வருகிற அந்தக் கீச்சுக் கீச்சு இசையைப் பாட வைத்துக்கொண்டு வண்டி பின்னால் வந்தது. அது பின்னால் வர வர, ரோடு சுருங்கியது. கொடிகள் ஒன்றோடொன்று ஒட்டின, கம்பிகள் வளைந்து விழுந்தன, செருப்பும் டிபன் மூடியும் வளையலும் அவள் காலடியில் வந்து குவிந்தன, மதகு ஓடி வந்து முதுகுப்பக்கம் நின்றது. வண்டியின் கதவு சரியாக அவளுக்கு நேராக வந்து நின்றபோது, எதிரே செங்கல் சூளை இருந்தது, சூளைக்கு மேலே பெரியாஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி இருந்தது, அதன்மேல் ஒரு ஆள் ஏறி நின்று வால்வைத் திருகுவது கூடத் தெரிந்தது.

அவள் தொட்டியைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், குனிந்து அவர் காதுக்குப் பக்கத்தில் கேட்டாள்:

"இம்புட்டுத் தூரந்தானாய்யா?"